இரவிக்குட்டிப் பிள்ளை யாருக்குச் சொந்தம்?

திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் முன் வேலுத்தம்பி தளவாய்க்குச் சிலை இருக்கிறது. அவர் பிறந்த தலக்குளம் இன்று தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது. அதற்காக யாரும் அந்தச் சிலைக்கு இங்கே என்ன வேலை என்று கேட்பதில்லை, கேட்கவும் கூடாது. ஆனால் தலக்குளம் அடங்கிய அதே கல்குளம் வட்டாரத்தில், வேலுத்தம்பிக்கு நூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேல் முந்தி, இதே திருவிதாங்கூர் அரச மரபுக்காகப் போரிட்டு மடிந்த இன்னொரு படைத்தலைவர் இருந்தார். கேரளபுரத்து இரவிக்குட்டிப் பிள்ளை என்ற அவருடைய பெயரைச் சொன்னால் இந்த நகரத்தில் பத்துப் பேரில் ஒருவருக்குத் தெரிந்திருந்தாலே அதிகம். தமிழ்நாட்டிலும் நாகர்கோவிலைத் தாண்டினால் நிலைமை அதுதான். கேரளபுரத்தைக்கூட, நிறம் மாறும் பிள்ளையார் இருக்கும் ஊர் என்றுதான் பலரும் அறிவார்கள். அவர் செய்த காரியம் சிறியது என்பதல்ல இதற்குக் காரணம். அவரைப் பாடிய பாட்டு இரண்டு மொழிகளுக்கும் இரண்டு மாநிலங்களுக்கும் நடுவில் விழுந்துவிட்டது. அதை எடுத்து வைக்க இரு பக்கத்தாரும் குனியவில்லை.

பாட்டின் பெயர் ‘இரவிக்குட்டிப் பிள்ளை போர்’. கணியாகுளம் போர் என்றும் சொல்வதுண்டு. மதுரையிலிருந்து திருமலை நாயக்கரின் தளவாய் இராமப்பய்யன் பெரும்படையோடு, திருவிதாங்கூருக்கு அன்றைய பெயரான வேணாட்டின் மேல் வருகிறான். அரசனின் அமைச்சரும் படைத்தலைவருமான இரவிக்குட்டிப் பிள்ளை எதிர்க்கப் புறப்படுகிறார். புறப்படும் முன் வீட்டில் நடப்பதைப் பாட்டு அவசரமில்லாமல் சொல்கிறது. தாய் கெட்ட கனாக் கண்டிருக்கிறாள், மனைவியும் கண்டிருக்கிறாள். இன்று போக வேண்டாம் என்று இருவரும் மறிக்கிறார்கள். எமன் வரும் நாளில் எந்தக் கோட்டைக்குள் ஒளிந்தாலும் விடமாட்டான், போருக்கு அஞ்சி வீட்டில் இருந்தான் என்ற பேச்சுத்தான் மிஞ்சும் என்பது அவர் பதிலின் சாரம். பிறகு களம். அவர் மேல் பொறாமை கொண்ட பிள்ளைமார் எதிரியோடு உள்ளூர ஒப்பந்தம் செய்துகொண்டு, போர் முற்றும் நேரத்தில் அவரைத் தனியே விட்டுவிடுகிறார்கள். சூழ்ந்து நிற்கும் படைக்கு நடுவே வெட்டி வெட்டிச் சாய்த்து, கடைசியில் அவரும் விழுகிறார். தலையை அறுத்துத் திருமலை நாயக்கரிடம் கொண்டுபோகிறார்கள். காவிய நாயகர்களில் பாதிப் பேருக்கு இந்த இடத்தில் கதை முடிந்துவிடும். இந்தப் பாட்டு முடிவதில்லை.

இதெல்லாம் கட்டுக்கதை, வரலாற்றில் இதற்கு என்ன இடம் என்று கேட்பவர்களுக்கு முதலில் பதில் சொல்ல வேண்டும். திருமலை நாயக்கர் மதுரையை ஆண்டது 1623 முதல் 1659 வரை. கணியாகுளம் போரைக் கொல்லம் ஆண்டு 810-இல், அதாவது 1634–35-இல் வைக்கிறார்கள். ஏறத்தாழ அதே சமயத்தில் வேணாட்டு அரசன் நாஞ்சில்நாட்டுக் குடிகளுக்கு வரியைத் தள்ளுபடி செய்து கொடுத்த ஆணை ஒன்று கிடைத்திருக்கிறது. திருமலை நாயக்கர் படை வந்து பயிர் அழிந்து குடிகள் விளைவிக்க முடியாமல் போனதுதான் அதில் சொல்லப்படும் காரணம். வரியை விட்டுக்கொடுக்கும் ஆணைக்குப் பாட்டுக் கட்டிப் பெருமை பேச வேண்டிய தேவை எதுவும் இல்லை. நாயக்கர் படை எதற்கு வந்தது என்பதற்கும் நிலவியலே சாட்சி. கிழக்கிலிருந்து வரும் படைக்கு ஆரல்வாய்மொழிக் கணவாய்தான் திறந்த வாசல். அதைத் தாண்டினால் உடனே நாஞ்சில்நாட்டு வயல்வெளி. கன்னிப்பூவும் கும்பப்பூவும் என இரண்டு போகம் விளையும் அந்த மண்ணுக்காகத்தான் மதுரையும் வேணாடும் தலைமுறை தலைமுறையாக மோதின. போர் நடந்த கணியாகுளம் நாகர்கோவிலை ஒட்டி இன்றும் அதே பெயரோடு இருக்கிறது. எதிரித் தளவாய் இராமப்பய்யனும் கற்பனைப் பாத்திரம் அல்லன். இராமநாதபுரம் சேதுபதி சடைக்கத் தேவர் மேல் அவன் நடத்திய போரை ‘இராமப்பய்யன் அம்மானை’ என்ற தனி நூலே பாடுகிறது. போர் நடந்தது, படை வந்தது, பயிர் போனது ஆகிய மூன்றையும் பாட்டை மூடி வைத்துவிட்டே நிறுவ முடியும்.

காட்டிக்கொடுத்த கதையை அப்படி நிறுவ முடியாது. இங்கே பாட்டை நேசிப்பவர்களும் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். தென்னிந்திய வீரப்பாட்டுகளில் நாயகன் நேர்ப்போரில் தோற்றதாக எங்கே இருக்கிறது? வடக்கன் பாட்டில் ஆரோமல் சேகவர் அங்கப்போரில் வென்று களைத்துப் படுத்திருக்கும்போது மைத்துனன் முறையுள்ள சந்து குத்துவிளக்கின் தண்டால் குத்துகிறான். தச்சோளி ஒதேனன் மறைந்திருந்தவனின் துப்பாக்கிக்குப் பலியாகிறான். கான்சாகிபு தொழுகை நேரத்தில் தன் ஆட்களாலேயே பிடிபடுகிறார். கட்டபொம்மனுக்கு எட்டப்பன். வீரன் வீரத்தால் வெல்லப்பட முடியாதவன் என்பது பாட்டின் இலக்கணம். ஆகவே அவன் விழ வேண்டுமானால் ஒரு துரோகி தேவைப்படுகிறான். இரவிக்குட்டிப் பிள்ளை கதையில் அந்த இடத்தில் பிள்ளைமார் வந்து நிற்கிறார்கள். மரபு அவர்களை எட்டுவீட்டுப் பிள்ளைமார் என்று அடையாளம் காட்டுகிறது. இந்த ஒரு குற்றச்சாட்டைப் பாட்டின் சாட்சியை மட்டும் வைத்து ஏற்க எனக்கு மனமில்லை.

ஏனென்றால் எட்டு வீட்டாரின் வம்சத்துக்குப் பிற்பாடு என்ன நேர்ந்தது என்பது நமக்குத் தெரியும். இராமனாமடம், மார்த்தாண்டமடம், குளத்தூர், கழக்கூட்டம், செம்பழந்தி, குடமண், வெங்ஙானூர், பள்ளிச்சல் என்ற எட்டு வீடுகளில் பல இன்றும் இந்த நகரத்தின் பேருந்துப் பலகைகளில் ஊர்ப்பெயர்களாக இருக்கின்றன. கழக்கூட்டம் மென்பொருள் பூங்காவால் அறியப்படுகிறது. செம்பழந்தி நாராயண குரு பிறந்த இடம், வெங்ஙானூர் அய்யன்காளி பிறந்த இடம். 1729-இல் அரியணை ஏறிய மார்த்தாண்ட வர்மா இந்தப் பிரபுக்களை ஒழித்துத்தான் திருவிதாங்கூரை ஒரே ஆட்சியாக ஆக்கினார். ஆண்களைக் கொன்று, பெண்களையும் குழந்தைகளையும் கடற்கரை மீனவர்களிடம் கையளித்து, வீடுகளை இடித்துக் குளம் தோண்டினார்கள் என்று மரபுவழிச் செய்தி சொல்கிறது. ஒரு வம்சத்தை இப்படி வேரோடு பிடுங்கிய அரசுக்கு, அந்த வம்சம் தொடக்கத்திலிருந்தே துரோகம் செய்துவந்தது என்ற கதை எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்? பி. சங்குண்ணி மேனோன் 1878-இல் வெளியிட்ட திருவிதாங்கூர் வரலாற்றில் இளவரசர்களைக் குளத்தில் மூழ்கடித்தவர்களும் அவர்களே, அரண்மனைக்குத் தீ வைத்தவர்களும் அவர்களே. அந்தக் கதைகளைப் பிற்கால ஆய்வாளர்கள் ஐயத்தோடுதான் பார்க்கிறார்கள். சி.வி. இராமன் பிள்ளை 1891-இல் ‘மார்த்தாண்டவர்மா’ நாவலில் எட்டு வீட்டாரை எதிரணியில் நிறுத்தினார். 1913-இல் வந்த ‘தர்மராஜா’வில் அந்த அழிந்த குலத்தின் வாரிசையே பழிவாங்கும் யோகி ஹரிபஞ்சானனனாக மறுபடி எழுப்பினார். ஹரிபஞ்சானனன் கம்பீரமான படைப்பு, அதில் சந்தேகமில்லை. என்றாலும் தோற்றவனின் பக்கத்திலிருந்து கதை சொல்லப்படவில்லை. சந்துவுக்கு அது வாய்த்தது. 1989-இல் எம்.டி. வாசுதேவன் நாயரின் திரைக்கதையில் ‘ஒரு வடக்கன் வீரகாதா’ வந்தபோது, நூற்றாண்டுகளாகத் துரோகி என்று பாடப்பட்டவனின் நியாயத்தைக் கேரளம் முழுவதும் உட்கார்ந்து கேட்டது. தெற்கத்திப் பிள்ளைமாருக்கு அப்படியொரு எழுத்தாளர் வரவில்லை. பாட்டில் இருக்கும் துரோகம் பழைய கதையா, எட்டு வீடுகள் இடிந்த பிறகு கூர்தீட்டப்பட்டதா என்று சுவடிகளை ஒப்பிட்டுப் படித்துத்தான் முடிவு சொல்ல வேண்டும். அதுவரை அவர்களுக்குச் சந்தேகத்தின் பலனைக் கொடுப்பதே நேர்மை.

துரோகத்தை ஒதுக்கி வைத்துவிட்டால் பாட்டில் என்ன மிச்சம் என்று கேட்கலாம். மிச்சம் இருப்பதுதான் இதைத் தனித்த பாட்டாக ஆக்குகிறது. முதலாவது, வீடு. அரசவைக்காரர்கள் எழுதிய வரலாற்றில் ஒரு படைத்தலைவனுக்குத் தகப்பன் பெயரும் பட்டமும் இருக்கும், தாய் இருக்கமாட்டாள். இங்கே நடப்பது மருமக்கள்வழி நாடு. குலம் தாயின் வழியே வருகிறது, தறவாடு தாயுடையது. கவிமணியின் ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்’ படித்தவர்களுக்கு அந்த முறையின் சங்கடங்கள் தெரிந்திருக்கும். அதன் இன்னொரு முகத்தை இந்தப் பாட்டில் பார்க்கலாம். மகனை மறிக்கும் தாய் அழுது ஓயும் துணைப்பாத்திரம் அல்ல. குலத்தின் பேரில் பேசும் உரிமை உள்ளவளாகவே பேசுகிறாள். இரவிக்குட்டிப் பிள்ளை அவளை மீறிப் போகிறார் என்பதால்தான் அந்தப் போக்கு கனக்கிறது. அவருடைய வம்சத்தைப் பற்றி நாம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒரு பெயர்ப்பட்டியல் என்று நினைப்பவர்கள் இந்தப் பகுதியை இன்னொரு முறை படித்தால் நல்லது.

இரண்டாவது, தலை. அறுபட்ட தலை எதிரியின் பாசறையில் இருக்கிறது. உடல் மட்டும் ஊர் வந்து பயனில்லை, தலையில்லாமல் சிதை மூட்ட முடியாது. அப்போது இரவிக்குட்டிப் பிள்ளையிடம் தொழில் பயின்ற காளி நாயர் எதிரியின் பாசறைக்குள் தன்னந்தனியாக நடந்து போகிறான். போனவன் கெஞ்சவில்லை. திருமலை நாயக்கரின் முன் நின்று, என் தலைவனின் தலையைக் கொடு என்று கேட்கிறான். நாயக்கர் அந்தத் துணிச்சலைக் கண்டு வியக்கிறார். இப்பேர்ப்பட்ட வீரனைக் கொன்றோமே என்று வருந்தி, தலையை மரியாதையோடு கொடுத்து அனுப்புகிறார். காளி நாயர் கொண்டுவந்து சேர்க்கிறான், பிறகுதான் எரியூட்டு. வென்ற அரசன், தோற்றவனின் சீடன் முன்னால் தன் வெற்றியைக் கொஞ்சம் தணித்துக்கொள்ளும் இந்தக் கட்டம் எந்தப் பெருங்காவியத்திலும் வைக்கத் தகுந்தது. கிரேக்கத்து இலியத்தில் மகனின் உடலைக் கேட்டுக் கிழ அரசன் பிரியாம் அக்கிலீசின் கூடாரத்துக்குப் போகும் கட்டத்தை உலகம் கொண்டாடுகிறது. நம் பாட்டில் போகிறவன் அரசன் அல்லன், கையில் ஈட்டுப்பொருளும் இல்லை. இது நடந்ததா என்றால் எனக்குத் தெரிந்து பாட்டைத் தவிர வேறு சான்று கிடையாது. ஆனால் நடந்ததோ இல்லையோ, எதிரி இப்படித்தான் நடந்துகொள்ள வேண்டும் என்று இந்தத் தெற்கத்தி மக்கள் நம்பினார்கள் என்பதற்குப் பாட்டே நேரடிச் சான்று. தம் படைத்தலைவனைக் கொன்றவனையே பெருந்தன்மை உள்ளவனாகப் பாட அவர்களுக்கு முடிந்தது. 1809-இல் வேலுத்தம்பி மண்ணடிக் கோவிலில் உயிர்விட்ட பிறகு, அவர் உடலை இங்கே கண்ணம்மூலையில் கொண்டுவந்து தொங்கவிட்டுக் காட்சிப்பொருளாக்கினார்கள். அந்த அவமதிப்பின் முழுக் கேவலத்தையும் உணர வேண்டுமானால் காளி நாயர் கட்டத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இவ்வளவு இருந்தும் பாட்டு ஏன் ஓரத்தில் கிடக்கிறது? வடக்கன் பாட்டுகளுக்கு மலபாரும் திரைப்படமும் துணை நின்றன. 1961-இல் ‘உண்ணியார்ச்சா’, 1964-இல் ‘தச்சோளி ஒதேனன்’ என்று படங்கள் வந்தன. பாட்டைக் கேட்டே இராதவர்களும் கதையை மனப்பாடமாக அறிந்தார்கள். அவை தெளிந்த மலையாளத்தில் இருந்ததும் ஒரு வசதி. இந்தப் பாட்டு உள்ளிட்ட தெக்கன் பாட்டுகள் தமிழில், மலையாளச் சொற்கள் கலந்து, வில்லுப்பாட்டு மரபை ஒட்டி வளர்ந்தவை. மலையாள இலக்கிய வரலாறு எழுதியவர்கள் அவற்றைக் கலப்பு மொழி என்று சொல்லி ஒரு பத்தியில் கடந்தார்கள். தமிழ் இலக்கிய வரலாறு எழுதியவர்களுக்கு நாயகனும் நாடும் அயலாகத் தெரிந்தன. கவிமணி போன்றவர்கள் தென்திருவிதாங்கூரில் ஏடுகளைத் தேடித் திரட்டியிராவிட்டால் எவ்வளவு அழிந்திருக்குமோ. கோவளத்துக்குப் பக்கம் ஆவாடுதுறை அய்யிப்பிள்ளை ஆசானின் இராமகதைப்பாட்டும் இதே கலப்பு மொழிதான். சந்திரவளையம் கொட்டி அதைப் பத்மநாபசுவாமி கோவிலிலேயே பாடிவந்தார்கள். ஆகவே இந்தத் தமிழ் எல்லைக்கு அப்பாலிருந்து இங்கே வந்த மொழி அல்ல. இந்த நகரம் தன் வாயால் பேசிய மொழிகளில் ஒன்று. 1891-இல் மலையாளத்தின் முதல் வரலாற்று நாவலாக ‘மார்த்தாண்டவர்மா’ வெளியானது. அதே ஆண்டில் ‘மனோன்மணீயம்’ வெளியிட்ட சுந்தரம் பிள்ளை இதே ஊரில் பேராசிரியராக இருந்தவர். வேணாட்டு மன்னர்களின் கல்வெட்டுகளைத் தேடிப் படித்து வரலாறு எழுதத் தொடங்கியவரும் அவரே.

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்தோடு, அதாவது இன்றைய தமிழ்நாட்டோடு, சேர்ந்தன. மொழிவழி பார்த்தால் நியாயமான முடிவு, அதற்காக உயிர் கொடுத்தவர்களும் உண்டு. அந்த முடிவோடு எனக்கு எந்தச் சச்சரவும் இல்லை. ஆனால் பிரிவினைக்குப் பின்னும் கேரளம் சிலவற்றை விட்டுக்கொடுக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில் நிற்கிறது, பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. ஆண்டுதோறும் நவராத்திரிக்கு முன் அந்த அரண்மனையில் அரசரின் உடைவாளைக் கைமாற்றுகிறார்கள். கம்பர் பூசித்தது என்று மரபு சொல்லும் சரஸ்வதி யானை மேலும், வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் கூடவுமாகப் புறப்பட்டு, களியக்காவிளையில் எல்லை தாண்டி, நெய்யாற்றின்கரை வழியாகத் திருவனந்தபுரம் கோட்டைக்கு வருகிறார்கள். இரண்டு மாநிலக் காவல்துறையும் அணிவகுப்பு மரியாதை செய்கிறது. மரச்சிற்பம் செறிந்த அரண்மனையும் வாளும் தெய்வமும் எல்லை கடக்கலாமென்றால், அந்த அரண்மனைக்காகப் படைநடத்தி மடிந்தவரின் பாட்டு மட்டும் ஏன் கடக்கக் கூடாது?

இரண்டு எதிர்ப்புகளை எதிர்பார்க்கிறேன். நாயர் பிரபு ஒருவர் அரசனுக்காக வெட்டிச் சாய்ந்த கதையை இந்தக் காலத்தில் எதற்குத் தூக்கிப் பிடிக்க வேண்டும் என்பது ஒன்று. இந்த எதிர்ப்பில் உண்மை இருக்கிறது. பாட்டில் சாதாரணப் படைவீரனுக்குப் பெயர் இல்லை, மிதிபட்ட வயலுக்குச் சொந்தக்காரனும் இல்லை. அதனால்தான் வரித்தள்ளுபடி ஆணையையும் பாட்டையும் சேர்த்து வைத்துப் படிக்க வேண்டும் என்கிறேன். ஒன்று களத்தில் விழுந்த தலைவனைச் சொல்கிறது, மற்றது விதைக்க முடியாமல் போன குடிகளைச் சொல்கிறது. இரண்டும் ஒரே போரின் செய்திகள். பாட்டைத் தூக்கி எறிந்தால் குடிகளுக்கு எந்த நியாயமும் கிடைத்துவிடாது. மற்றது தமிழர் பக்கத்து எதிர்ப்பு. மதுரைப் படையை எதிர்த்தவரை நாம் ஏன் கொண்டாட வேண்டும் என்பது. இதற்குப் பதில் எளிது. மதுரைத் தளவாயைப் பாடும் அம்மானையும் தமிழ், அவனோடு மோதி விழுந்தவரைப் பாடும் போர்ப்பாட்டும் தமிழ். ஒரே பத்தாண்டின் இரண்டு எதிரிகளுக்கும் இடம் கொடுத்த மொழி, அவர்களில் ஒருவரை மட்டும் வைத்துக்கொள்ளத் தேவையில்லை.

காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழகத்தின் கீழ்த்திசைச் சுவடி நூலகமும் தமிழ்த்துறையும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. கிடைக்கும் ஏடுகளை எல்லாம் ஒப்புநோக்கி, ஒரு பக்கம் தமிழ் எழுத்திலும் எதிர்ப்பக்கம் மலையாள எழுத்திலுமாக இந்தப் பாட்டை மாணவர் வாங்கக்கூடிய விலையில் பதிப்பிக்க இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. நாகர்கோவிலிலும் அதைச் சுற்றியும் வில்லுப்பாட்டுக் குழுக்கள் இன்னும் கொடைக்குக் கொடை பாடிக்கொண்டுதான் இருக்கின்றன. ஓண வார விழாவில் கனகக்குன்றில் அத்தனை மேடைகள் போடுகிறார்கள். அதில் ஒரு மேடையை, ஒரே ஒரு இரவுக்கு, ஒரு வில்லுப்பாட்டுக் குழுவுக்குக் கொடுத்து கணியாகுளம் போரை முழுதாகப் பாட விட வேண்டும். சுற்றுலாத்துறை இதைச் செய்யட்டும். செய்யாவிட்டால் இந்த ஊர்த் தமிழ்ச் சங்கத்தாராவது முன்வந்து செய்யட்டும்.